சுகிக்கு நாவூறு கழிக்கப் போன பயணம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு, கார்த்திகை மாதத்து ஞாயிறு. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ரூஜில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து தனியே வெளிக்கிட்டேன். கோட்டுப் பையில் ஐந்தாறு செத்தல் மிளகாய், ஒரு பிடி உப்பு, மடித்த போஸ்டர் ஒன்று.

"பாட்டுக் கேக்கவோ போறியள், அம்மா?" என்று மகன் சிரித்தான்.

"எனக்கென்ன விசரே? நாவூறு கழிக்கப் போறன். அவளின்ரை முகத்தை லைற் போஸ்ற் முழுக்க ஒட்டி வைச்சிருக்கிறாங்கள். ஊர்க்கண் படாதே?"

போஸ்டரில் இருப்பவள் என் கடைக்குட்டி சுகி. "நீங்கள் வந்து என்ரை பாட்டைக் கேக்கிறமட்டும் உந்த வீட்டுப் படி ஏறன்" என்று சொல்லிப் போய் இரண்டு வருடம். நானும் போகவில்லை. பிடிவாதம் அவளுக்கு அடுத்த வீட்டிலிருந்து வரவில்லைத்தானே.

பஸ்ஸில் வந்து ஒன்றரை மணிக்கு கெனடி ஸ்ரேசனில் நிலத்தடி ரயில் ஏறினேன். ரிக்கற் இரண்டு டொலர். அதோடு தரும் துண்டைக் காட்டினால் கடைசி மட்டும் மாறி மாறிப் போகலாம். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, ஸ்ரேசன்களை எண்ணிக்கொண்டு இருந்தேன். ஷேர்போர்னில் கதவு திறந்தபோது எண்ணிக்கை விட்டுப் போயிற்று. மேலே சென் ஜேம்ஸ் ரவுண். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கி முதலில் இருந்த மாடி வீடு அங்கேதான். பக்கத்து வீட்டு ஜமேக்காக்காரி மேர்ல் போடுகிற ரேடியோ சுவருக்குள்ளால் கேட்கும். தேவாரம் பாடின பிள்ளை சுகி சோற்றுக் கோப்பையோடு அந்தச் சுவரில் காதை வைத்து நிற்கும். மேர்ல் தன் சேர்ச்சுக்குக் கூட்டிப்போய்ப் பாடவைத்தாள். பிறகு பகலில் தையல் பக்ரறி, பஸ்ஸுக்குள் இருந்து பாட்டெழுதுவது, சனி ஞாயிறில் ஆரோவின் கலியாண வீடுகளில் பாடுவது, கடைசியில் ஒரு கசற். ரிதம் அண்ட் புளூஸ் என்று அந்தப் பாட்டு வகைக்குப் பெயராம்.

ஆக்களிடம் போஸ்டரைக் காட்டி வழி கேட்டு, இரண்டரைக்கு குயின் வீதியில் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்கார் ஏறினேன். ஓட்டினவர் தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர். அவருக்கும் போஸ்டரைக் காட்டினேன். அதைப் பார்த்து என்னையும் பார்த்து, "மாஜி!" என்று சிரித்தார். அம்மா என்று அவர்கள் பாஷையில். எனக்கும் அவளுக்கும் மூக்கு ஒன்றுதானே. பார்க்டேலில், போஸ்டரில் போட்டிருந்த பாருக்கு முன்னால் இறக்கிவிட்டுக் கையைக் காட்டினார்.

உள்ளே பியர் மணமும் உருளைக்கிழங்கு பொரிக்கிற மணமும். முன் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தேன். நாலு மணிக்குச் சுகி மேடைக்கு வந்தாள். தலைமயிர் கட்டையாக வெட்டியிருந்தது. என்னைக் கண்டாள். மைக்கைக் கிட்ட இழுத்தாள். பிறகு பாடினாள். என் கை தன்பாட்டில் மடியில் தாளம் போட்டது. குரல் தாளத்துக்குப் பிந்திப் பிந்தி வந்தது. விழப்போகிறாள் என்று நான் பயப்படுகிற இடத்தில் வந்து சேர்ந்துவிடும். சனம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது.

ஐந்து மணிக்கு இடைவேளை. அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"அம்மா, இஞ்சை வேண்டாம்! ப்ளீஸ்!"

"வாயை மூடிக்கொண்டு கிழக்கைப் பாத்து நில்."

மிளகாயையும் உப்பையும் மூன்று முறை அவளைச் சுற்றி, அடுப்பில் சூடான இரும்புத் தட்டில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது. படாவிட்டால் மூக்கு எரியும். அது எங்கள் கணக்கு.

நெடி எழும்பியது பாருங்கள்! சமையற்காரன் கத்தினான். கூரையில் நெருப்பு மணி அலறியது. பாரிலிருந்த அவ்வளவு பேரும் இருமிக்கொண்டு குளிருக்குள் ஓடினார்கள். மேர்லும் வந்திருந்தாள். இருமலும் சிரிப்புமாக என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"பாத்தியே," என்றேன் சுகியிடம். "ஒருத்தற்றை கண்ணும் படேல்லை. நல்ல சனந்தான்."

"அப்ப வந்தது வீணோ?"

"வீண்தான்." பிறகு வாய் நிற்கவில்லை. "ரண்டாவது பாட்டிலை எங்கையடி மூச்சு எடுத்தனி? நான் தேடித் தேடிப் பாத்தன்."

அவள் கண்ணைத் துடைத்தாள். மிளகாய்தான் என்றாள். "அப்ப கேட்டிருக்கிறியள்!"

விடிய அவளும் வாத்தியக்காரரும் வான் வண்டியில் மொன்றியலுக்குப் பாடப் போகிறார்களாம், அதற்கப்பால் வேறு ஊர்களாம். "பொங்கலுக்கு வீட்டை வாறன், அம்மா," என்றாள். ஸ்ரீட்கார் ஜன்னலால் திரும்பிப் பார்த்தேன். கோட்டில்லாமல் வீதியோரம் நின்று கை காட்டிக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் நாவூறு கழித்த நெடி கதவைத் திறந்தால் காற்றோடு போய்விடும். இங்கே கோட்டுத் துணிக்குள் போய் இருந்துவிடுகிறது. தோய்க்கத் தரச்சொல்லி மகன் இரண்டுதரம் கேட்டுவிட்டான். பொங்கல் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.