ஜூரி கேட்காத குரல்

மெர்ல் கூபிக்கை இப்போது பார்க்கிறவர்கள் சாதுவான மனிதர் என்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆள் சாது இல்லை. ஒரு டாக்டர் அவர் தொண்டையைக் கெடுத்துவிட்டார், அதனால் பேச முடியவில்லை, அவ்வளவுதான்.

கிழக்குக் கொலராடோவில் எங்கள் ஊர் மாட்டு ஏலக் கொட்டகையில் கேன்டீன் நடத்துகிறவள் நான். பெயர் நெல்டா. என் சமையலறைக்குள் ஒரு ஒலிபெருக்கி உண்டு. ஏல நாளான வியாழக்கிழமை ஆனால் ஏலம் கூறுகிற மெர்ல் அதில் வந்துவிடுவார். மூச்சு விடாமல் விலை கூறுவார், நடுவிலேயே வம்புக்கும் இழுப்பார். ஒரு தடவை பண்ணைக்காரர் ஒருவர் விலையை ஏற்றாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "சொறிஞ்சது போதும் ஹார்லன், அங்க இருந்த முடியெல்லாம் போயி ரொம்ப நாளாச்சு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அந்த ஹார்லனே சிரித்துக்கொண்டு விலையை ஏற்றினார்.

கொட்டகையில் ஒருவர் தலையசைத்தால் அது வாக்கு. மாட்டை வாங்கிய பிறகு நான் அசைக்கவே இல்லை என்று சொல்கிறவனுக்கு அடுத்த வாரம் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். மெர்ல் வாழ்ந்ததெல்லாம் அந்த வழக்கத்தில்தான்.

கழுத்தில் தைராய்டுக் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அறுவை செய்தவர் டாக்டர் பிரென்டிஸ். கண் விழித்தபோது மெர்லுக்குக் குரல் இல்லை, காற்றுதான் வந்தது. மறுநாள் நான் சூப் கொண்டுபோயிருந்தேன். டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதுதான், மெர்ல். அவசரப்பட்டுட்டேன். அந்தக் குரல் நரம்ப நான் பாத்திருக்கணும்."

என் காதால் கேட்டேன். மெர்ல் கையை நீட்டினார், டாக்டர் குலுக்கினார். மெர்லைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. தப்பு செய்தவர் ஒப்புக்கொண்டாரே, வேண்டியதை அவரே பார்த்துக்கொள்வார் என்று நம்பிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் குரல் திரும்பவில்லை. ஏலம் கூற வேறு ஆளை வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியோ யார்மேலும் தவறில்லை, இந்த அறுவையில் இப்படி நடப்பது உண்டு என்று எழுதி அனுப்பியது. அதற்குப் பிறகுதான் மெர்ல் வக்கீலிடம் போனார்.

வக்கீல் கோரா லிண்ட்க்விஸ்ட் கெட்டிக்காரி, நல்லவளும்கூட. ஆனால் அவள் சொன்ன முதல் விஷயமே எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. டாக்டர் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டதையும் தப்பை ஒப்புக்கொண்டதையும் எங்கள் மாநிலத்தில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாதாம். டாக்டர்கள் பயமில்லாமல் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதற்காகச் செய்த சட்டமாம்.

"அப்ப நான் காதால கேட்டது?" என்றேன்.

"கோர்ட்டுல அது நடக்கவே இல்ல, நெல்டா."

சரி, வேறு வழி என்ன? இன்னொரு அறுவை மருத்துவர் வந்து, இது கவனக்குறைவுதான் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். டென்வரில் ஒருவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு முதலில் அப்படித்தான் சொன்னார். சத்தியம் செய்யும் நேரம் வந்ததும் தனக்கு வசதிப்படாது என்று நழுவிவிட்டார். மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை. ஒரே கூட்டத்து ஆட்கள், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்களா?

அதைப் பார்த்து டாக்டரின் வக்கீல் ஒரு மனுப் போட்டார். சாட்சி இல்லாத வழக்குக்கு விசாரணை எதற்கு, ஜூரி எதற்கு, காகிதங்களைப் படித்தே தீர்ப்புச் சொல்லிவிடுங்கள் என்று. மெர்லுக்கு அதுதான் பெரிய அடி. நஷ்டஈடு கிடைக்காவிட்டால் போகிறது, நம் ஊர்க்காரர்கள் ஆறு பேர் ஜூரியாக உட்கார்ந்து தன் தொண்டையை ஒரு தடவை கேட்க வேண்டும், அதற்குப் பிறகு தோற்றாலும் சம்மதம் என்பார்.

மனுவின்மேல் வாதம் நடந்த அன்று அவர் பேசக் கூடாது என்று கோரா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனாலும் முந்தின நாள் முழுக்க வாயே திறக்காமல், இருக்கிற குரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தார். பாதி வாதத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"மிஸ்டர் கூபிக், இன்னிக்கு வக்கீல்கள் மட்டும்தான் பேசணும். உட்காருங்க" என்றார் நீதிபதி. மரியாதையாகத்தான் சொன்னார். மெர்ல் உட்கார்ந்தார். எனக்கு எதையாவது தூக்கி எறியலாம் போலிருந்தது.

நரம்பு அறுந்தது கவனக்குறைவாலா என்பதை ஒரு மருத்துவர் சொல்லாமல் ஜூரி தானாக முடிவுசெய்ய முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். குரல் போகலாம் என்று அறுவைக்கு முன்பு நீட்டிய தாளில் மெர்ல் கையெழுத்துப் போட்டிருப்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார். வழக்குத் தள்ளுபடி. கத்தியைப் பிடித்தவர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் அவரே எங்களிடம் வந்தார். அவருடைய வக்கீலும் பக்கத்தில் இருந்தார். டாக்டரின் கண் கலங்கியிருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"மன்னிச்சிரு மெர்ல்" என்று கையை நீட்டினார்.

மெர்ல் அந்தக் கையைப் பார்த்தார். முந்தின நாளெல்லாம் சேர்த்து வைத்த குரலில் கேட்டார்.

"இது கணக்குல உண்டா, டாக்டர்?"

டாக்டர் நீட்டிய கையோடு திரும்பித் தன் வக்கீலின் முகத்தைப் பார்த்தார்.