லமாராவுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம்

லமாரா ஜார்ஜியாக்காரி. கிரேக்கத் துறைமுக ஊரான கவாலாவில் என் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தாள். அவள் கணவன் ஸ்தமாதிஸ் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். நல்லவன்தான், ஆனால் அம்மா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் நிற்பான்.

அந்த அம்மா எவான்தியா ஐந்து வருடமாக ஒரே பாட்டைத்தான் பாடினாள். "என் மகன் கையெழுத்துப் போடலேன்னா நீ யாருடி? கார்டுக்காகத்தானே கட்டிக்கிட்ட. அது கைக்கு வந்த அன்னிக்கே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவ, பாரு."

லமாரா வந்தது கணவன் பெயரில் கிடைத்த விசாவில். ஐந்து வருடம் ஆனதும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் அந்தக் கார்டுக்கு விண்ணப்பித்தாள். கிடைத்தால், புருஷனே போ என்றாலும் நாடு அவளைப் போ என்று சொல்லாது. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் எவான்தியாவின் பாட்டுதான்.

விசாரணைக்குச் சாட்சியாக நானும் போனேன். முதலில் ஸ்தமாதிஸைக் கேட்டு அனுப்பிவிட்டு அதிகாரி லமாராவைக் கூப்பிட்டார். கதவு திறந்தே கிடந்தது.

"உங்க வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள் என்னிக்கு?"

"பிப்ரவரி மூணு."

"அவர் ஆகஸ்ட்ல பொறந்தவரும்மா. நெஜமாவே ஒரே வீட்டிலதான் இருக்கீங்களா?"

எனக்குப் பகீரென்றது. அடிப்பாவி, அது அவன் பெயர்நாள்! எங்கள் ஊரில் பிறந்தநாளை யார் சீந்துகிறார்கள்? எந்தப் புனிதரின் பெயரை வைத்தார்களோ அவருடைய நாள்தான் வீட்டில் கொண்டாட்டம்.

லமாரா அசரவில்லை. "அன்னிக்குத்தான் சார் கூப்பிடாமலே தெருவே வந்து சாப்பிட்டுட்டுப் போகுது. சமைச்சுப் போட்டு அத்தனை தட்டையும் கழுவுறது நான். ஆகஸ்ட்ல ஒரு ஈ காக்கா வரல. எனக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கும் உங்க பிறந்தநாள் தெரியலையே!"

எங்கே தெரியப் போகிறது? லமாரா என்று எந்தப் புனிதரும் இல்லை. அதனால் அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு நாளே கிடையாது.

லமாராவின் குரல் உயர்ந்தது. "பொய்க் கல்யாணம்னா ரெண்டு பேரும் உக்காந்து மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்க மாட்டோமா? அவன் நெஜப் புருஷன் சார். அதான் தெரியல!"

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள் போலிருக்கிறது.

கார்டு வந்த சாயங்காலம் நானும் மேல்மாடியில் ஸ்தமாதிஸோடும் அவன் அம்மாவோடும் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, பெட்டி கட்டியாச்சா?" என்றாள் எவான்தியா.

லமாரா கார்டை மேசைமேல் வைத்தாள். "இன்னும் கட்டலம்மா. ஆனா இப்போ கட்டலாம். போக வழியில்லாமத்தான் இங்க கிடக்கேன்னு நினைச்சீங்கல்ல? இனிமே நான் இருக்கணும்னா உங்க மகன் கேக்கணும். உங்க முன்னாடி, வாயைத் திறந்து."

"அவன் எதுக்குடி உன்கிட்ட கேக்கணும்? ஆம்பளை!"

லமாரா எழுந்து கோட்டை மாட்டினாள். மிரட்டலுக்காக மாட்டவில்லை, பொத்தான்களையும் போட்டாள். ஸ்தமாதிஸ் அம்மாவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்.

"இரு, லமாரா."

"இது கேக்குறதா, உத்தரவா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "என்கூட இருப்பியா லமாரா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். எவான்தியா கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் லமாரா. கார்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னோடு படியிறங்கி வந்துவிட்டாள்.

அன்றைக்கு என் வீட்டில்தான் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். மேல்மாடியில் ஸ்தமாதிஸ்தான் விடிய விடிய நடந்துகொண்டிருந்தான்.