காளிமுத்து அண்ணனுக்குப் போட்ட கூடைப்பந்து டிக்கெட்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும், நான் எடுத்திருந்த இரண்டு டிக்கெட் தப்பான ஆட்டத்துக்கு என்று தெரிய வந்தது. ரயில் டிக்கெட்டாக இருந்தால் கேன்சல் செய்துவிட்டு வேறு போட்டிருப்பேன். இது சென்னையில் நடக்கும் கூடைப்பந்துப் போட்டிக்கு எடுத்த டிக்கெட். ஒருமுறை எடுத்தால் மாற்றவும் முடியாது, திருப்பவும் முடியாது. ஆட்டமோ சனிக்கிழமை.

இராமநாதபுரத்தில் ஒரு டிராவல்ஸ் கவுண்டரில் இருபத்துநான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ராமேஸ்வரம் வந்து திரும்பும் யாத்திரைக்காரர்கள், வளைகுடாவுக்குப் போகிற பெரியபட்டினத்து ஆட்கள் என்று எல்லாருக்கும் டிக்கெட் போட்டுப் பழகிய கை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், வேகமாக புக் செய்வது எப்படி என்றுதான் என்னிடம் கேட்பார்கள். வேகம் தானாக வந்துவிடும். எனக்கு வராமல் இருந்தது வேறொன்று. அது வந்த கதைதான் இது.

1. ஃபைனலா, லீக்கா?

பதினைந்து நாள் முன்பு தேவிபட்டினத்திலிருந்து காளிமுத்து அண்ணனும் அவர் மனைவி பஞ்சவர்ணம் மதினியும் வந்தார்கள். அண்ணன் கடல் தொழில். ஒரே மகள் முத்துமாரி சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி படிக்கிறாள். அந்த வருடம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணியில் இடம் கிடைத்திருந்தது. மாநிலங்களுக்கு இடையிலான போட்டி, பெரிய இன்டோர் ஸ்டேடியத்தில். மகள் ஆடி அவர்கள் நேரில் பார்த்ததே இல்லை.

"ஃபைனலுக்குப் போட்டுருங்க தங்கச்சி" என்றார் அண்ணன்.

"ஃபைனலுக்கு நம்ம புள்ளைக வருவாகளான்னு இப்பத் தெரியாதுல்லண்ணே. வரலேன்னா வேற யாரோ ஆடுறதப் பாத்துட்டு வருவீக. லீக் ஆட்டம்னா நிச்சயம். சனிக்கிழம கேரளாவோட இருக்கு. அதுவும் பெரிய ஆட்டந்தான், கூட்டம் அள்ளும்."

இந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. இதில் நான் தப்பு செய்யவில்லை.

மதினி கவுண்டர் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆட்டத்துக்கு அடுத்த வாரம் மதுரையில அவுகளுக்குக் கண் ஆப்பரேசன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துப்புடணும்ங்கிறாக. மககிட்ட எதுவும் சொல்லல. சொன்னா ஆட்டத்தப் போட்டுட்டு ஓடியாந்துருவா. நாங்க வாரதும் அவளுக்குத் தெரிய வேணாம்."

எங்கள் பக்கம் கண் ஆபரேஷன் என்றால் புரைதான். நானும் புரை என்றே எடுத்துக்கொண்டேன். கண் மங்கலாக இருப்பவருக்குக் கிட்டே இருந்தால்தான் தெரியும் என்று, சீட் மேப்பில் ஆடுகளத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, முதல் வரிசையில் இரண்டு இருக்கை பிடித்தேன். இருப்பதிலேயே நல்ல இருக்கை. ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். மதினி முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் வெறுமனே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

2. காலையும் மாலையும்

சனிக்கிழமை தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் இரண்டு ஆட்டம். பெண்கள் ஆட்டம் காலை செஷன், பத்து மணி. ஆண்கள் ஆட்டம் மாலை செஷன், ஆறு மணி. ஒரு செஷன் டிக்கெட் இன்னொன்றுக்குச் செல்லாது. நான் 'தமிழ்நாடு – கேரளா' என்ற வரியை மட்டும் பார்த்து மாலைக்கு எடுத்திருந்தேன். வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் டிக்கெட்டை வாய்விட்டு ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று வாசிக்கவில்லை.

காலை செஷனைத் திறந்து பார்த்தேன். பள்ளிக்கூடங்கள் மொத்தமாக எடுத்துவிட்டன. ஒரு இருக்கைகூட இல்லை. போட்டி நடத்துகிறவர்களின் உதவி எண்ணில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "புரியுது மேடம், ஆனா சிஸ்டத்துல ஆப்ஷனே இல்ல" என்றாள்.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் காலை டிக்கெட் இரண்டு இருப்பதாகப் போட்டிருந்தார். பேசினேன். க்யூஆர் கோடைப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னார்.

"படம் வேணாம் சார். ஆப்லயே என் பேருக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிருங்க."

"அதெல்லாம் எதுக்குங்க? படத்தக் காட்டினாலே உள்ள விடுவாங்க."

ஒரே படத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். வாசலில் முதலில் காட்டுகிறவர் உள்ளே போவார், அடுத்து வருகிறவர் வெளியே நிற்பார். அந்த இடத்தில் இவர்கள் இரண்டு பேரும் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். போனை வைத்துவிட்டேன்.

எங்கள் முதலாளி பாய் உள் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"வேற வழி பாத்துட்டுச் சொல்லலாம்னு தள்ளிப் போடாத வசந்தி. இப்பவே கூப்புட்டுச் சொல்லிரு. நாள் கூடக் கூடச் சொல்ல வாய் வராது."

"ரொம்ப வருத்தப்படுவாக பாய்."

"படட்டும். வாசல்ல நிண்டு படுறதவிட இங்கன உக்காந்து படட்டும்."

3. கவுண்டரில்

உடனே கூப்பிட்டு, நேரில் பேச வேண்டும் என்றேன். மத்தியானம் இருவரும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். நான் எழுந்து நின்றே சொன்னேன். ஆட்டம் மாறிப்போனது, காலைக்கு இடமில்லை, தப்பு என்னுடையது.

மதினிக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். "யாரு பெத்த பயலுகளோ ஆடுறதப் பாக்கவா ஒரு ராத்திரி பூரா ரயில்ல போகணும்? நம்பித்தான உங்ககிட்ட வந்தோம்?"

அண்ணன் அவர் கையைத் தொட்டார். "விடு. தங்கச்சி வேணும்னா செஞ்சாக? பயலுக ஆட்டத்தப் பாத்துட்டு வருவோம். அவ ஓடுற தளத்தப் பாத்தாப் போதும் எனக்கு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. "மதினி, மகளுக்குப் போன் போடுவோம். ஆடுறவுகளுக்குன்னு ஏதாச்சும் வழி இருக்கும். நீங்க வாரது தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மதினி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

முத்துமாரி முதலில் நம்பவில்லை. பிறகு போனிலேயே குதித்தாள். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? ஆடுற ஒவ்வொருத்தருக்கும் வீட்டாளுகளுக்குன்னு ரெண்டு பாஸ் உண்டும்மா! நீங்க எங்க வரப்போறீகன்னு யாருக்குக் குடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க பெஞ்சுக்கு நேர் பின்னாடி சீட்டு. அய்யா, உங்க கைக்கு எட்டுற தூரத்துல ஓடுவேன், பாருங்க!"

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த போனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுக் கிட்டக்க வேணாம் ஆத்தா" என்றார்.

"ஏன்யா?"

"கிட்டக்க இருந்தா எனக்கு நீ தெரிய மாட்ட."

அவரே சொன்னார். புரை இல்லை. கண்ணில் அழுத்தம் கூடி ஓரமெல்லாம் போய்விட்டது. நேரே இருப்பது மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரிகிறது. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன். அதிலும் அது போய்விட ஒரு சின்ன வாய்ப்பு உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

"கடல்ல நிண்டு பாத்தா ஊரு பூரா அந்தக் குழாய்க்குள்ள வந்துருது. கரையேறிட்டா எதுக்க நிக்கிறவுக மூஞ்சி மட்டுந்தான் தெரியுது. எனக்குத் தூரமா, உசரமா, ஒரு கோடியில எடம் வேணும் ஆத்தா. அப்பத்தான் தளம் பூரா உள்ள வரும்." பிறகு என்னைப் பார்த்து, "அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன் தங்கச்சி. நீங்க ரெண்டு பேரும் அம்புட்டுச் சந்தோசமா இருந்தீக. நீங்களும் கேக்கல" என்றார்.

போனில் பந்து தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முத்துமாரி அழப்போகிறாள், கிளம்பி வருகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று பயந்து மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குழாய்னா எம்புட்டுப் பெருசுய்யா?" என்று கேட்டாள் அவள். குரல் உடைந்திருந்தது, ஆனால் கேள்வி தெளிவாக இருந்தது.

அண்ணன் கையை மடக்கி, கண்ணில் வைத்துப் பார்த்தார். "ஒரு தாளச் சுருட்டிப் பாத்தா வருமே, அம்புட்டு."

"சரி. நான் பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

4. வரிசை வரிசையாக

மறுநாள் காலை என் போனுக்கு ஆறு வீடியோ வந்திருந்தது. என் எண்ணை மதினி கொடுத்திருக்கிறார். பயிற்சி முடிந்ததும் முத்துமாரி காலி ஸ்டேடியத்தில் கேலரி ஏறியிருக்கிறாள். நோட்டுத்தாளைச் சுருட்டி போன் கேமராவுக்கு முன்னால் பிடித்து, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் எடுத்திருக்கிறாள். சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு வட்டம். பெஞ்சுக்குப் பின்னாலிருந்து எடுத்ததில் அந்த வட்டத்துக்குள் தோழி ஒருத்தியின் தோள்பட்டை மட்டும் இருந்தது. கூடைக்குப் பின்பக்கக் கேலரியில் நாலாவது வரிசையில், கூடையின் பலகையே பாதித் தளத்தை மறைத்தது. மேலே ஏற ஏற பலகை கீழே இறங்கியது. கடைசி வீடியோவில் தளம் முழுவதும், இரண்டு கூடையும், அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. பின்னால், என்னிடம் சொல்வதுபோல அவள் குரல் கேட்டது. "அத்தை, இந்த வரிசைதான். அய்யாவுக்கு இங்கன இருந்து பாத்தா எல்லாம் தெரியும்."

இருபத்துநான்கு வருடத்தில் நான் ஒரு இருக்கையை இப்படிப் பார்த்ததில்லை. விலையையும் வரிசை எண்ணையும்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த வரிசையை ஒரு பள்ளிக்கூடம் எடுத்திருந்தது. அவளே அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சரைத் தேடிப் பிடித்து, தன் இரண்டு பாஸையும் கொடுத்து, அங்கே இரண்டு இருக்கை வாங்கிவிட்டாள். பெஞ்சுக்குப் பின்னால் உட்காரக் கிடைத்த இரண்டு பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லையாம். என் பங்குக்கு ஒன்று செய்தேன். நான் முதலில் போட்டிருந்த வெள்ளி இரவு வண்டி தாமதமானால் காலை ஆட்டம் போய்விடும். அதனால் புதன்கிழமை தட்கல் திறந்ததும் வியாழன் இரவு வண்டிக்கு மாற்றிப் போட்டேன். லோயர் பெர்த். தேதி, வண்டி, பெயர் மூன்றையும் வாய்விட்டு இரண்டு முறை வாசித்தேன்.

சனிக்கிழமை நாலு பாயிண்ட் வித்தியாசத்தில் நம் பிள்ளைகள் தோற்றார்கள். மதினி போனில் அதைச் சொல்லும்போது குரலில் வருத்தமே இல்லை. "அவுக ஒரு தடவ கூட எங்கிட்ட எங்க இருக்கா, எங்க இருக்கான்னு கேக்கல வசந்தி. நான்தான் பந்து எங்க போச்சுன்னு அவுககிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

ஆட்டம் முடிந்து மகள் படியேறி வந்ததும் அண்ணன் சொன்னது ஒன்றுதான். "பந்து கையில இல்லாதப்பத்தான் நீ நல்லா ஆடுற ஆத்தா. நீ ஒரு பக்கம் ஓடுற, அம்புட்டுப் பேரும் ஒன் பின்னாடி வாராக, அந்தப் பக்கம் வழி தொறந்துருது." அவளுடைய கோச் ஒருவரைத் தவிர வேறு யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லையாம். அப்போதுதான் அழுதாளாம்.

மாலையில் நான் எடுத்த தப்பான டிக்கெட்டில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். மகள் ஆட்டக்காரர் அடையாள அட்டையைக் காட்டி அய்யாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அங்கே அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அவள் ஆட்டம் முழுவதையும் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருந்த பார்வை அப்படியே இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்போது அவர் தனியாகக் கடலுக்குப் போவதில்லை, மைத்துனருடன் சேர்ந்து போகிறார்.

5. கடைசியாக

ஸ்டேடியம் டிக்கெட் போடுகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். செஷன் எது என்று பாருங்கள். ஆடுகிறது ஆண்களா பெண்களா என்று பாருங்கள். நிச்சயமான ஆட்டத்துக்கு முதலில் எடுங்கள். படமாக வருகிற டிக்கெட்டைத் தொடாதீர்கள். ஆடுகிறவர் சொந்தக்காரர் என்றால் அவரையே முதலில் கேளுங்கள். இதெல்லாம் ஒரு வாரத்தில் யாருக்கும் பழகிவிடும்.

எனக்குப் பழக இருபத்துநான்கு வருடம் ஆனது, சீட் மேப்பைத் திறப்பதற்கு முன் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பது: "அங்க போயி நீங்க என்ன பாக்கணும்?" கேட்டுவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன். சிலர் உடனே சொல்வார்கள். சிலருக்கு நேரம் ஆகும். பின்னால் வரிசை நின்றாலும் காத்திருக்கிறேன்.