போர்டு ஈயம்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் செத்துப்போகும் என்றார்கள். ஒன்றும் சாகவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் பொம்மனஹள்ளியில் இருந்த எங்கள் கம்பெனி புது மெஷின்களாக வாங்கிப் போட்டுவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இருநூற்று நாற்பது பழைய மெஷின்கள் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. அவற்றை வெளியேற்றும் வேலை என்னிடம் வந்தது.

நான் போளூர் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. வேதியியல், அரசுக் கல்லூரி, தமிழ் வழி, முதல் வகுப்பு. என் அப்பா கடைசிவரை கைநாட்டு வைத்தவர். ஆகவே, அட்மின் அசிஸ்டென்ட் வேலைக்கு வேதியியல் எதற்கு என்று சிரித்தவர்களைப் பொருட்படுத்தாமல், விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் அச்சடிக்கச் சொல்லி வாங்கினேன். அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை.

மேனேஜர் சேஷகிரிக்கு இடம் காலியானால் போதும். "ஏனப்பா, எவன் எடுத்துட்டுப் போறான், என்ன பண்றான், அதெல்லாம் நமக்கு யாகே, எதுக்கு? லாரி கேட்டைத் தாண்டணும். தாண்டிடுச்சுன்னா அது நம்மது இல்ல" என்றார்.

மூன்று பேர் கேட்டு வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடம் இருபது போதும் என்றது. சிவாஜிநகர் மொத்த வியாபாரி என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது ஆள் சின்னப்பா, நீலசந்திராவில் குஜிரிக் கடை வைத்திருப்பவர். பழைய சாமானுக்கு பெங்களூரில் குஜிரி என்றுதான் பெயர். அவர் என் கார்டை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, "பி.எஸ்சியா சார்!" என்று சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். நான் அவருக்கே கொடுத்தேன். அப்படித்தான் அவர் மனைவி சரளா அக்காவை எனக்குத் தெரியும்.

சரளா அக்கா நீலசந்திராவிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா கண்டோன்மென்டில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவராம். வீட்டில் அப்பா காலத்திலிருந்தே புத்தர் படம்தான். ராசி, ஜாதகம், எலுமிச்சம்பழம் எதுவும் கிடையாது. எட்டாவது வரை படிப்பு, பிறகு ஊதுவத்தி உருட்டல், பிறகு கார்மென்ட்ஸ். தொண்ணூற்று இரண்டில் கல்யாணம். அதற்குப் பிறகு எட்டு வருடத்தில் இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டும் போய்விட்டன. இதை அவரே என்னிடம் சொன்னார், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு அங்கேதான். "தம்பி, ரூம்ல தனியா என்னத்தைக் கொதிக்க வெச்சுத் தின்னுவே? வா" என்பார். வாசலில் பழைய தோசைக்கல் ஒன்று மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து எடுத்த பச்சை போர்டை அக்கா அதன்மேல் கவிழ்த்து வைப்பார். போர்டு சூடேறி வாசம் கிளம்பியதும் இடுக்கியால் தூக்கித் தட்டில் ஒரு தட்டு. சில்லுகள் பொலபொலவென்று உதிரும். கூடவே வெள்ளி மாதிரி சொட்டுச் சொட்டாக உலோகம் விழுந்து உறையும். சில்லை வாங்க ஆள் வரும். அந்த உலோகத்தை அவர்கள் ஈயம் என்றார்கள். நானும் ஈயம் என்றேன்.

அந்த வருடக் கடைசியில் சரளா அக்கா மறுபடி உண்டானார். இந்தமுறை சின்னப்பா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அடுப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். போர்டு சுடும் வேலையைத் தானே செய்தார். மாடியிலிருந்து இறங்கினால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். புகை ஆகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் இருமலே சொல்லியது.

அக்காவுக்கு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை, ரசம் ஒன்றைத் தவிர. ஒரு ஞாயிறு சின்னப்பா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். ஒரு பெயின்ட் டப்பா நிறைய அந்த ஈயத்தைச் சேர்த்துவைத்திருந்தார்.

"சார், ஈயச்சொம்புல ரசம் வெச்சா புள்ளத்தாச்சிக்கு நல்லதுன்றாங்க. கும்பகோணத்துச் சொம்பு வாங்க நம்மால ஆவாது. இதைக் குடுத்தா வார்த்துத் தர ஒரு ஆளு இருக்கான். நீங்க படிச்சவரு. சொல்லுங்க, இது சாப்பாட்டுக்கு ஆவுமா?"

நான் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். யோசிப்பதுபோல நின்றேன். உண்மையில் யோசிக்கவில்லை.

"ஆகும்ண்ணே. ஈயம்னா டின். பிஸ்கட் டப்பாவுக்கு உள்ளே பூசறதே அதுதான். கெமிஸ்ட்ரிதான் என் மெயின், தைரியமா செய்ங்க."

அவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொம்பு வந்தது. கனமாக, மங்கிய நிலா நிறத்தில். அக்கா அதில் புளியைக் கரைத்து, தக்காளியைப் பிசைந்துவிட்டு, அடுப்பில் வைத்தார். நான் குடித்த ரசத்திலேயே அதுதான் உசத்தி. புளிப்புக்கு அடியில் ஒரு தித்திப்பு இருந்தது. "வெல்லம் போட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். "சும்னே சொல்றியா? ஒரு துளி போடல. எல்லாம் சொம்போட கைவாசி" என்றார். தினம் இரண்டு வேளை. ஒரு டம்ளர் குடித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு, "கேக்குது தம்பி, உள்ள இருக்குறது இன்னும் கேக்குது" என்று சிரிப்பார்.

ஏழாம் மாதம் வளையல் போட நாள் குறித்தார்கள். அழைப்பு எழுத நான் வெள்ளைத் தாள் வாங்கிப்போயிருந்தேன். அக்கா கழுவித் துடைத்த சொம்பை அந்தத் தாள்மேல் வைத்து, பிறகு இடம் போதாமல் நகர்த்தினார். தாளில் ஒரு வளைகோடு விழுந்தது. பென்சில் கோடு மாதிரி, சாம்பல் நிறத்தில்.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு உலோகத் துண்டைத் தாளில் இழுத்துக் காட்டுவார்கள். கோடு போட்டால் காரீயம். வெள்ளீயம் இப்படிப் போடாது.

"என்ன தம்பி, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றார் அக்கா.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பழைய பாடநூலை எடுத்தேன். 'பற்றாசு: காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகக் கலவை. மின் இணைப்புகளைப் பற்றவைக்கப் பயன்படுகிறது.' இரண்டு மதிப்பெண் கேள்வி. பக்கத்தில் என் கையெழுத்திலேயே நட்சத்திரக் குறி. பரீட்சையில் இதை எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் தோசைக்கல்லில் சொட்டுகிற அதுதான் பற்றாசு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாரும் ஈயம் என்றார்கள். நம் ஊரில் இரண்டுக்கும் அதே பெயர்தான். ஒன்றில் ரசம் வைக்கலாம். மற்றது நஞ்சு. புளி பட்டால் கரையும், கரைந்தால் இனிக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

அன்றே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பட்டதாரி சொன்ன சொல் தப்பு என்று போய் நிற்க என்னால் முடியவில்லை. ஒன்பது நாள் கழித்து, வளையல் போடும் அன்று, எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைச் சீராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுல ரசம் வையுங்கக்கா" என்றேன். "எவர்சில்வர்ல ரசமா! பட்டணத்துல இருந்து உனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்று பெண்கள் நடுவில் என்னைக் கேலி செய்துவிட்டு, அதைப் பரணில் ஏற்றினார். நான் வெளியே போய் சின்னப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்கதானே சார் ஆவும்னு சொன்னீங்க?"

"நான்தாண்ணே."

அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உள்ளே வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. "அவகிட்ட சொல்லக் கூடாது சார். ரெண்டு போயிருக்கு. இதைக் கேட்டா பயத்துலயே இதுவும் போயிடும். சொம்பை நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு அது சரி என்று பட்டது. என் தப்பு அக்காவுக்குத் தெரியாமல் போகும் என்பதும் அதில் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த நாள் சொம்பு காணாமல் போனது. அக்கா தெருவையே ஏசித் தீர்த்தார். இன்னொன்று வார்க்கலாம் என்றபோது, "வேணாம், இந்த வூட்டுக்கு ஈயச்சொம்பு ராசியில்ல" என்றாராம் சின்னப்பா. அவருக்கு அகப்பட்ட காரணம் அது ஒன்றுதான்.

செப்டம்பரில் மகா பிறந்தாள். எடை குறைவு. ஆனால் உயிரோடு, கத்திக்கொண்டு. அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் நான் தனியாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. வளர வளரத்தான் தெரியும். இனிமே படாம பாத்துக்குங்க" என்றார். நானும் சின்னப்பாவும் காத்திருந்தோம். அவள் குப்புற விழுந்தாள், நடந்தாள், பேசினாள். இரண்டு வயதில் என்னைப் பார்த்து "மாமா, செருப்ப கழட்டு" என்று அதட்டினாள். சின்னப்பா அன்று தெருவுக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தோம். கம்பெனி என்னை ஹைதராபாத்துக்கு அனுப்பியது.

இரண்டாயிரத்து நாலு ஆகஸ்டில் திரும்பி வந்து நீலசந்திராவுக்குப் போனேன். சின்னப்பா லோடு எடுக்கப் போயிருந்தார். மாடியில் அடுப்பு அப்படியே இருந்தது. லாரிகள் இப்போது இன்னும் பல கம்பெனிகளின் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தன.

மகா சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ரத்தமே இல்லை. "செருப்ப கழட்டவா?" என்றேன். என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பேச்சு கம்மியாயிடுச்சு தம்பி" என்றார் அக்கா. "தெனம் வயித்து வலி. டாக்டர் பூச்சின்னு மருந்து குடுத்தாரு. கேக்கல. வேற எதுவும் எறங்க மாட்டேங்குது. அதான் ரெண்டு வேளையும் ரசஞ்சாதமே குடுக்குறேன்."

"எதுல வெச்ச ரசம்?"

அக்கா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதே. மாடியில உதிர்றதைக் கொஞ்சங்கொஞ்சமா சேத்துவெச்சு, அந்த ஆளுகிட்டயே குடுத்து வார்த்துட்டேன். ஆறு மாசமாச்சு. இங்க வெச்சா ராசியில்லன்னு குதிப்பாரு. புத்தர் படத்தை மாட்டிக்கினு ராசி பாக்குறாரு மனுஷன்! என்னைப் பயமுறுத்த முடியுமா? பக்கத்துல வனஜாக்கா வூட்ல வெச்சிருக்கேன். அவங்க ரசம் வெப்பாங்க, ரெண்டு வூட்டுப் புள்ளைங்களும் அதைத்தான் தின்னுது."

நான் தரையில் உட்கார்ந்தேன். வளையல் போட்ட அன்று சின்னப்பாவிடம் சொன்ன அத்தனையையும் இப்போது அக்காவிடம் சொன்னேன். இரண்டு ஈயம், தாளில் விழுந்த கோடு, நான் ஆகும் என்றது, ஒன்பது நாள், எவர்சில்வர் பாத்திரம்.  அக்காவின் சிரிப்பு மெல்ல எங்கோ போய்விட்டது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"மகா பொறக்கறதுக்கு முன்னாடியே."

"அவருக்கு?"

"அவருக்கும்தாங்க்கா."

அவர் மகாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எட்டாவது படிச்சிருக்கேன்டா நான். சொல்லியிருந்தா புரிஞ்சிருக்காதா எனக்கு?" என்றார். சத்தம் போடவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அதன் தலை அவர் தோளில் துவண்டு சாய்ந்தது. நானும் எழுந்தேன். "நீ வராதே" என்றார்.

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வனஜாக்காவின் குரல் உற்சாகமாக வந்தது: "வா சரளா, இப்பத்தான் எறக்கினேன். நம்ம சொம்பைப் பாத்துட்டு எங்க அண்ணி, எதிர் வூட்டுக்காரங்கன்னு இன்னும் நாலு பேரு கேட்டாங்கடி. அந்த ஆளுகிட்ட சொல்லி எல்லாருக்கும் வார்த்துக் குடுத்துட்டேன்."