சிக்னல் எட்டும் தூரம்

இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த காலம். தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டீச்சராக இருந்தேன். இறந்துபோன என் கணவர் பாதியில் விட்டிருந்த ரிமோட் விமானத்துக்கு நானே இறக்கைகளைப் பொருத்தி, வாலுக்குக் கம்பி மாட்டினேன். பறக்கவிடுமுன் சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க இன்னொருவர் வேண்டும். வீட்டில் நான் மட்டும்தான்.

பக்கத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்த ராணியைக் கூப்பிட்டேன். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவள் விமானத்தைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நின்றாள். ரிமோட்டின் குச்சியை அசைத்தால் விமானத்தின் வால் ஆட வேண்டும். நான் அதை அசைத்தபடி தள்ளிப் போனேன்.

"வாலு ஆடுதுங்க டீச்சர்!"

இன்னும் நடந்தேன்.

"இப்பவும் ஆடுதுங்க!"

போதுமான தூரம் வந்தாயிற்று. ஆனாலும் அந்தக் குரலுக்காகவே நடந்துகொண்டிருந்தேன்.

"எங்கங்க போறீங்க? திரும்பி வாங்க டீச்சர்!"

அப்படியே நின்றுவிட்டேன். என்னை வரச்சொல்லி ஒருவர் கூப்பிட்டு எத்தனை காலமாகியிருந்தது!