வித்யாவுக்குச் சொல்லாத காரணம்

என் கொழுந்தன் கார்த்திக் மீது விழுந்த பழி பொய் என்று எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டேன்.

காரணம் பொறாமை... வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்ற மாட்டேன்.

கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய பொயிண்ட் குக்கில் ஒரு மருந்துக் கடையில் நான் மருந்தாளுநர். கார்த்திக்கும் அவன் மனைவி வித்யாவும் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தார்கள். குளிர்காலத்தில் அவள் கழுத்துத் துண்டை அவன்தான் சுற்றிவிடுவான். எங்கள் வீட்டில் சாப்பிடும்போதுகூட மேசைக்கு அடியில் கை கோத்துக்கொள்வார்கள். கல்யாணமாகி இத்தனை வருடங்களுக்குப் பிறகும்! என் கணவரோ, குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் நாளில் மட்டும் என்னிடம் வாய் திறப்பார். எனக்கு வயிறு எரிந்தது.

வித்யாவுக்குப் பெண்ணுறுப்பில் அடிக்கடி பூஞ்சைத் தொற்று வரும். அரிப்பு, எரிச்சல், தயிர் போல வெள்ளைப்படுதல். டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு என்னிடமே மருந்து வாங்குவாள். கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், பிறகு மறுபடியும்...

ஒருநாள் கடைக்கு வந்தவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அக்கா, இது அவர்கிட்டேருந்து வருதோ? அவருக்கு வெளியில யாராவது...?”

போடி பைத்தியமே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பூஞ்சை பெண்ணின் உடம்பிலேயே சும்மா குடியிருப்பது. அதை அடக்கி வைத்திருக்கும் நல்ல கிருமிகள் செத்தால் தலைதூக்கும். அவள் சைனஸ் தொல்லைக்கு டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுத்தவளே நான்தான்! அதைச் சாப்பிட்டு முடித்த கையோடு அரிப்பு தொடங்கியதையும் ஒவ்வொரு முறையும் பார்த்தவள் நான். போதாக்குறைக்கு, கணவனோடு சேரும்போதெல்லாம் வாசனைத் திரவத்தால் உள்ளே வரை கழுவுவதாக அவளே சொல்லியிருந்தாள்.

உள்ளே கழுவாதே, வெளியே வெறும் தண்ணீர் போதும். ஈரத் துணியோடு இருக்காதே. திரும்பத் திரும்ப வந்தால் நீயாக மருந்து வாங்காமல் டாக்டரிடம் போய்ச் சோதனை செய்துகொள், சர்க்கரையும் பார்... முன்பின் தெரியாத பெண்களிடம் தினமும் நான் சொல்வதுதான்.

அவளிடம் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். “மனசைப் போட்டு அலட்டிக்காத வித்யா” என்றேன். அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்தே செய்தேன்.

வீட்டில் சண்டை மூண்டது. கார்த்திக் என்னிடம் ஓடி வந்தான்.

“அண்ணி, சத்தியமா நான் எந்தத் தப்பும் பண்ணல. நீங்க சொன்னா அவ கேப்பா.”

“பேசிப் பாக்கறேன்” என்றேன். அவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. எனக்காக எந்த ஆண் இப்படி அழுவான் என்றுதான் தோன்றியது. சீ... என்ன ஜென்மம் நான்!

அவன் கொஞ்சம் தள்ளி ட்ருகனினா என்ற பகுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கோடை வந்தது. வித்யாவுக்கு சைனஸ் தொல்லை இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. தனியாகப் படுப்பவளுக்கு அந்த வாசனைத் திரவமும் தேவைப்படவில்லை. தொற்று நின்றுவிட்டது.

போன வாரம் கடைக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“பாத்தீங்களாக்கா? அவர் போனதும் எனக்குச் சரியாயிடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? நான்... “ஆமா” என்றேன்.

இந்த நாட்டில் விவாகரத்துக் கேட்க ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். அந்த ஓராண்டு இன்னும் முடியவில்லை. அவள் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போகிறேன்... திரும்பி வந்துவிடுகிறேன்.

சொன்னால் அவன் வந்துவிடுவான். மேசைக்கு அடியில் மறுபடியும் கை கோத்துக்கொள்வார்கள். அதை நினைத்தால், உங்களிடம் இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும், எனக்கு வயிறு எரிகிறது.