டப்பாவோடு போன விருந்து

எனக்கு ஆட்டிசம் உண்டு. சாப்பாட்டு விஷயத்தில் பிடிவாதக்காரி என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வெறும் சாதம், மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு, கெட்டித் தயிர். வேறு எது வாய்க்குள் போனாலும் தொண்டை மூடிக்கொள்ளும். அலிப்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், மதியம் எல்லோரும் கேண்டீனுக்குப் போக, நான் என் மேசையிலேயே சாப்பிடுவேன்.

பக்கத்து மேசைப் பெங்காலிப் பெண், 'ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன்' என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தன் கல்யாணத்துக்கு முன், மணப்பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போடும் விருந்துக்கு அவள் கூப்பிட்டபோது, போக ஆசையாக இருந்தது.

"சாப்டாம உக்காந்திருந்தா தப்பா எடுத்துப்பாங்கடி," என்றாள் அம்மா.

அந்தத் தோழிக்கே மெசேஜ் அனுப்பிக் கேட்டேன். "டப்பா கொண்டு வா. என் பக்கத்துல உக்காரு," என்று பதில் வந்தது.

டாலிகஞ்சில் அவள் வீடு. மீன் வாசனை குறைவாக இருக்கட்டும் என்று எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த அவளுடைய பெரியம்மா குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா உன் சாப்பாடு?"

"ஜேட்டிமா, அவ அதான் சாப்பிடுவா, விடுங்க," என்றாள் தோழி.

"அப்ப நான் இவளோட சாப்பாட்ட சாப்பிடறேன்," என்று சிரித்தபடி, மீன் பரிமாறிய கையாலேயே ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லா இருக்கே!"

அன்பாகத்தான் செய்தார். ஆனால் அதன் பிறகு அந்த டப்பாவிலிருந்து ஒரு பருக்கை கூட என்னால் எடுக்க முடியவில்லை. காதுக்குள் இரைச்சல். எழுந்து வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் புதுப்புடவை சரசரக்கத் தோழி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போகணுமா?"

"பசிக்குது. ஆனா போக வேண்டாம்."

"சரி, இங்கயே இருப்போம்."

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டபடி இருந்தார்கள். "வரேன், வரேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்தாள். புகுந்த வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, தான் சாப்பிடுவதையே பார்ப்பார்களோ என்று பயமாக இருப்பதாகச் சொன்னாள். அலுவலகத்தில் நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டதே இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டில் டப்பாவைத் திறந்த அம்மாவின் முகம் வாடியது. "ஒண்ணுமே சாப்டலையே?"

"இல்ல. ஆனா நல்லா இருந்ததும்மா."

அம்மா தட்டில் சாதம் போட்டுத் தயிரை ஊற்றினாள். சாப்பிட்டுக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.